இ1000இ டிரைவரும் 2008-இன் ஃபிளாஷ் அழிவும்: பிழை கையாளுதல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2008 செப்டம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.27 வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்த பலரிடமிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. மதர்போர்டிலேயே பதிக்கப்பட்ட இன்டெல் 82566, 82567 வகை நெட்வொர்க் கார்டுகள் திடீரெனச் செயலிழந்தன. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் கார்டு எழுந்திருக்கவில்லை. வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தாலும் பயனில்லை. பழுது நினைவகத்தில் தற்காலிகமாக ஏற்பட்ட குழப்பம் அல்ல; கார்டின் அமைப்புத் தகவல் எழுதப்பட்டிருக்கும் என்விஎம் எனப்படும் நிலை நினைவகமே கெட்டுப்போயிருந்தது. உபுண்டு, மாண்ட்ரிவா, ஓப்பன்சூசே ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கைகள் போயின. உபுண்டு 8.10-இன் சோதனைப் பதிப்பில், இந்தக் கார்டுகளை இயக்கும் மென்பொருளான இ1000இ டிரைவரையே முடக்கிவைத்தார்கள்.

இந்த நிகழ்வில் டிரைவர் குற்றவாளி அல்ல என்பது பின்னர் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சில வாரங்களில் டிரைவரின் பிழை கையாளும் பகுதிகளில் செய்யப்பட்ட மாற்றங்கள் எதுவும் வீண் போகவில்லை. பாதிப்பு எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. வந்த பாதிப்பு எவ்வளவு தூரம் பரவியது, அதிலிருந்து மீள வழி இருந்ததா என்பதை டிரைவரின் பிழைப் பாதைகளே தீர்மானித்தன. இந்த ஆய்வு இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

என்விஎம்மும் செக்சம் சோதனையும்

இன்டெல் ஐசிஎச்8 சிப்செட்டில் தொடங்கி, உள்ளமைந்த நெட்வொர்க் கார்டுக்கு, அமைப்புத் தகவலைச் சேமிக்கும் தனி ஈப்ராம் சில்லு கிடையாது. பயாஸ் குடியிருக்கும் அதே ஃபிளாஷ் சில்லில் ஒரு பகுதி கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதி இரண்டு வங்கிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே செல்லுபடியாகும். புதிய தகவலை எழுதும்போது டிரைவர் முதலில் செல்லாத வங்கியை அழித்து, அதில் முழுவதையும் எழுதி, கடைசியாகவே அதன் அடையாளப் பிட்டுகளைச் செல்லுபடியாக்கும். அதன் பிறகுதான் பழைய வங்கியைச் செல்லாததாக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் ஏதாவது ஒரு வங்கி நல்ல நிலையில் இருக்கும் என்பது இதன் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் எழுதுவது டிரைவர் மட்டுமே என்ற நம்பிக்கையின்மீது அது நிற்கிறது.

என்விஎம்மின் முதல் 64 சொற்கள், ஒவ்வொன்றும் 16 பிட், டிரைவருக்கு மிக முக்கியமானவை. முதல் மூன்று சொற்களில் கார்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரி இருக்கும். கடைசிச் சொல், மொத்தக் கூட்டுத்தொகை பதினாறடிமான எண்ணில் பிஏபிஏ என்று வரும்படி நிரப்பப்பட்டிருக்கும். டிரைவர் ஏறும்போது செக்சம் எனப்படும் இந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிறது. சில கணினிகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சேமிப்பு நிலை காரணமாக முதல் வாசிப்பு தவறலாம் என்பதால் மூன்று முறை முயல்கிறது. மூன்றாவது முறையும் தவறினால், என்விஎம் செக்சம் சரியில்லை என்று ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற குறியீட்டுடன் வெளியேறுகிறது. அதுவரை ஒதுக்கிய நினைவகம், இணைத்த முகவரிகள், பிடித்த பிசிஐ வளங்கள் எல்லாவற்றையும், பிடித்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், நிரலில் கோட்டூ எனப்படும் தாவல் கட்டளைகள் வழியாக ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. பாடநூலில் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கான வெளியேற்றம் இதுதான்.

பிழையைக் கண்டுபிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. கண்டுபிடித்த பிறகு எடுத்த முடிவில்தான் சிக்கல். டிரைவர் ஏற மறுத்ததால் நெட்வொர்க் இடைமுகம் உருவாகவில்லை. என்விஎம்மை மீண்டும் எழுத உதவும் ஈத்டூல் கருவியோ அந்த இடைமுகத்தின் வழியாகத்தான் கார்டை அடையும். சோதனையாளர்களிடம், கார்டு நன்றாக இருக்கும்போதே ஈத்டூல் கொண்டு என்விஎம்மின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. நகல் கையில் இருந்தவருக்கும் அதைத் திரும்ப எழுதும் கதவு, கார்டு கெட்ட அந்தக் கணமே மூடிக்கொண்டது. செக்சம் சோதனையை நீக்கி டிரைவரை மறுபடி கம்பைல் செய்யத் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மதர்போர்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை.

இதே குடும்பத்தின் மூத்த டிரைவரான இ1000 வேறு வழியைக் கையாள்கிறது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. அதிலும் செக்சம் தவறினால் எச்சரிக்கை வரும், ஆனால் ஒற்றை வரியாக அல்ல. ஈப்ராமில் உள்ள செக்சம் எது, கணக்கிட்டு வந்த செக்சம் எது என்பதைக் காட்டி, உள்ளடக்கம் முழுவதையும் பதிவேட்டில் கொட்டிவிட்டு, இது மென்பொருள் பிழை அல்ல, வன்பொருளுக்கோ ஈப்ராம் உள்ளடக்கத்துக்கோ ஏதோ நேர்ந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதன் பிறகு மேக் முகவரியை முழுவதும் சுழியமாக்கிவிட்டு டிரைவர் ஏறிக்கொள்கிறது. சுழிய முகவரி செல்லாது என்பதால் வழக்கமான போக்குவரத்து நடக்காது. ஆனால் ஈத்டூலின் கட்டளைகள் வன்பொருளை அடையும். பயனர் தாமாக ஒரு சரியான முகவரியைக் கொடுத்தால் இடைமுகத்தை இயக்கவும் முடியும். நம்ப முடியாத சாதனத்தைப் பயன்பாட்டுக்குத் தராமல், பழுதுபார்ப்பவரின் கைக்கு மட்டும் எட்டும்படி வைத்திருப்பது என்ற இந்த நடுவழிதான், என் கணிப்பில், செக்சம் பிழைக்கு உரிய சரியான பதில். ஏற மறுப்பது பாதுகாப்பானது போலத் தோன்றினாலும், அது பிழையைச் சாதனத்தோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது.

பூட்டின் தோல்விப் பாதை

காரணம் தெரியாத நிலையில் சந்தேகம் பல பக்கம் போனது. கிராபிக்ஸ் பகுதி தவறான முகவரியில் எழுதுகிறதா என்று பார்த்தார்கள். டிரைவருக்குள்ளேயே இரண்டு இழைகள், அதாவது இணையாக ஓடும் இரண்டு செயலோட்டங்கள், ஒரே நேரத்தில் ஃபிளாஷைத் தொடுகின்றனவா என்ற கேள்வியும் எழுந்தது. அதற்கு நியாயமான அடிப்படை இருந்தது. இந்தக் கார்டின் என்விஎம்மையும் பிஎச்ஒய் எனப்படும் இயற்பியல் அடுக்குச் சில்லையும் டிரைவர் மட்டும் அல்ல, சிப்செட்டில் ஓடும் மேலாண்மை ஃபர்ம்வேரும் பயன்படுத்துகிறது. இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்க, வன்பொருளைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடமான ரெஜிஸ்டர் ஒன்றில் எஸ்டபிள்யூஃபிளாக் என்ற ஒற்றைப் பிட் கொடி உண்டு. டிரைவர் அந்தப் பிட்டை ஏற்றி, திரும்ப வாசித்து, ஏறியிருந்தால் வளம் தன்னுடையது என்று கொள்ளும். ஏறவில்லையென்றால் ஒரு மில்லிநொடி காத்திருந்து மீண்டும் முயலும். குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்தும் கிடைக்கவில்லையென்றால் பிழையோடு திரும்பும்.

இந்தக் கொடி டிரைவருக்கும் ஃபர்ம்வேருக்கும் இடையிலான ஏற்பாடு. டிரைவரின் இரண்டு இழைகளுக்கு இடையே அது எதையும் தடுப்பதில்லை; முதல் இழை ஏற்றிவைத்த பிட்டை இரண்டாவது இழை வாசித்து, தனக்கே கிடைத்ததாக எண்ணிக்கொள்ளும். கெர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளெய்க்ஸ்னர் எழுதிய மாற்றம் இதற்கு மேல், ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் என்ற பூட்டைச் சேர்த்தது. அதுவும் வெறும் பூட்டாக அல்ல: முதலில் காத்திருக்காமல் முயன்று பார்க்கும், பூட்டு வேறொருவரிடம் இருந்தால், எந்தச் செயல்முறை அதை வைத்திருக்கிறது என்ற எண்ணோடு எச்சரிக்கையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே காத்திருக்கும். நடக்கவே கூடாத ஒன்று நடந்தால் அமைதியாகச் சமாளிப்பதைவிட, சத்தம் போட்டுவிட்டுச் சமாளிப்பது என்ற அணுகுமுறை அது. காரணம் தெரியாத பழுதைத் தேடும்போது இந்தச் சத்தத்தின் மதிப்பு மிகப் பெரிது.

மியூடெக்ஸ் வந்ததும் தோல்விப் பாதையின் பொறுப்பு கூடியது. நேரம் கடந்து பிழையோடு திரும்பும்போது, தான் ஏற்ற முயன்ற பிட்டை இறக்க வேண்டும், மியூடெக்ஸையும் விட வேண்டும், அதன் பிறகே திரும்ப வேண்டும். பிட்டை இறக்காமல் விட்டால் ஃபர்ம்வேர் பின்னால் விடுவிக்கும் வளத்தை யாரும் கேட்காமலேயே டிரைவர் பிடித்துக்கொள்ளக்கூடும். மியூடெக்ஸை விடாமல் போனால் அடுத்து வரும் இழை என்றென்றைக்கும் காத்திருக்கும். வெற்றிப் பாதையில் விடுவிப்பு வேறொரு சார்பில் (நிரலின் ஃபங்ஷனில்) நடப்பதால், தோல்விப் பாதையின் விடுவிப்பை மறப்பது எளிது. டிரைவர் குறியீட்டை மதிப்பாய்வு செய்பவர்கள் நேரம் கடக்கும் கிளைகளைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்; சோதனையில் அந்தக் கிளை அரிதாகவே ஓடும்.

பூட்டு வந்ததால் முன்பு மறைந்திருந்த வேறு தவறுகளும் மேலே வந்தன. இந்தக் கொடிக்காகக் காத்திருக்கும் சார்புகளை, வன்பொருளின் குறுக்கீட்டுக்கு உடனே பதில் தரும், உறங்கக் கூடாத இண்டரப்ட் சூழலிலிருந்து டிரைவர் அழைத்துக்கொண்டிருந்தது. அந்த வேலைகள், உறங்க அனுமதியுள்ள பின்னணி வரிசையான ஒர்க்கியூவுக்கு மாற்றப்பட்டன. வன்பொருளை ரீசெட் செய்த பிறகு டிரைவர் கொடியை இறக்காமல் விட்டிருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. பிழை மீட்பின் முதன்மைக் கருவியே ரீசெட் தான் என்பதால், ரீசெட்டுக்குப் பின் எந்தப் பூட்டு யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாக இல்லாத டிரைவரில், மீட்பு முயற்சியே அடுத்த பழுதுக்குக் காரணமாகிவிடும். இன்னொரு சிறு குறை அப்போது அப்படியே இருந்தது: ஃபர்ம்வேரோ வன்பொருளோ வளத்தை நெடுநேரம் பிடித்துவைத்திருக்கிறது என்ற செய்தி, பிழைத்திருத்தச் செய்தியாகவே எழுதப்பட்டிருந்ததால், சாதாரணமாகக் கட்டப்பட்ட கெர்னலில் யார் கண்ணுக்கும் படாது. பிழைக் குறியீடு மேலே போகும்; காரணம் கீழேயே தங்கிவிடும்.

எழுதவிடாமல் பூட்டுதல்

மேலே சொன்னவை எல்லாம் டிரைவர் தன் வீட்டை ஒழுங்குபடுத்தியது. என்விஎம் அழிவதை நேரடியாகத் தடுத்தது இன்டெல் தரப்பிலிருந்து வந்த இன்னொரு மாற்றம். ஐசிஎச் சிப்செட்டின் ஃபிளாஷ் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களில், குறிப்பிட்ட முகவரி வீச்சை எழுதவும் அழிக்கவும் முடியாததாக அறிவிக்கும் ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. அந்த அறிவிப்பையே மாற்ற முடியாதபடி பூட்டும் பிட் ஒன்றும் உண்டு. அதை ஒருமுறை ஏற்றிவிட்டால் வன்பொருள் ரீசெட் ஆகும்வரை இறக்க முடியாது. டிரைவர் ஏறும்போதே, செக்சத்தைச் சரிபார்ப்பதற்கும் முன்பே, கார்டுக்குரிய பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வீச்சாக அறிவித்துப் பூட்டிவிடும்படி செய்தார்கள். அதன் பிறகு அந்த ரெஜிஸ்டர்கள் வழியாக யார் அழிக்கச் சொன்னாலும், எழுதச் சொன்னாலும், வன்பொருள் அதைப் பொருட்படுத்தாது. சொல்வது டிரைவரா, வழிதவறிய வேறு குறியீடா என்று அது பார்ப்பதில்லை.

இந்த மாற்றம் 2008 அக்டோபர் 9 அன்று வெளியான 2.6.27 கெர்னலில் இடம்பெற்றது. அந்த நாளில் அழிவுக்கான காரணம் இன்னும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. யார் எழுதுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டு அவரை மட்டும் நிறுத்தலாம் என்று காத்திருந்தால், வெளியீடு பல நூறு மதர்போர்டுகளோடு விளையாடியிருக்கும். அதைவிடவும் மோசமான இடர்ப்பாடு ஒன்று இருந்தது: கெர்னலில் பழுது எந்த மாற்றத்தால் வந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் வழக்கமான முறையில், ஒவ்வொரு “ஆம், பழுது இருக்கிறது” என்ற விடைக்கும் ஒரு கார்டை விலையாகக் கொடுக்க வேண்டும். எழுதவிடாத பூட்டு வந்த பிறகுதான் துணிந்து சோதிக்க முடிந்தது.

இந்தப் பூட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஃபிளாஷைத் தவிர கார்டின் மற்ற ரெஜிஸ்டர்களும் கெர்னலின் முகவரி வெளியில் இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்மீது விழும் தவறான எழுத்தை இது தடுக்காது. ஆனால் அந்தப் பாதிப்பு ரீசெட் செய்தால் போய்விடும் வகையைச் சேர்ந்தது. மீளக்கூடிய பாதிப்பையும் மீள முடியாத பாதிப்பையும் பிரித்து, இரண்டாவதற்கு மட்டும் வன்பொருளின் துணையோடு அரண் போட்டது சரியான தேர்வு.

உண்மையான காரணம்

2.6.27 வெளியாகி ஆறு நாளில், அக்டோபர் 15 அன்று 2.6.27.1 வந்தது. அது செய்த முக்கியமான வேலை, டைனமிக் எஃப்டிரேஸ் என்ற வசதியை உடைந்தது என்று குறித்து முடக்கியது. இன்டெல்லோடு சேர்ந்து தேடிய எஃப்டிரேஸின் ஆசிரியர் ஸ்டீவன் ரோஸ்டெட், தன் குறியீடே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று அந்த மாற்றத்தின் குறிப்பில் எழுதினார்.

எஃப்டிரேஸ், கெர்னலின் சார்புகள் அழைக்கப்படுவதைப் பின்தொடரும் கருவி. கம்பைலர் ஒவ்வொரு சார்பின் தொடக்கத்திலும் ஓர் அழைப்பைச் சேர்க்கும். பின்தொடராத நேரத்தில் அந்த அழைப்பு வேகத்தைக் கெடுக்கும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றிவிடுவார்கள். 2.6.27-இல் இது எப்படி நடந்தது என்றால், ஒரு சார்பு முதன்முறை ஓடும்போது அதன் முகவரி ஒரு பட்டியலில் சேரும்; நொடிக்கு ஒருமுறை விழித்தெழும் ஒரு பின்னணி இழை அந்தப் பட்டியலை எடுத்து, அந்த முகவரிகளில் உள்ள கட்டளைகளை மாற்றும். பட்டியலில் சேர்வதற்கும் மாற்றப்படுவதற்கும் இடையே ஒரு இடைவெளி இருக்கிறது. தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் பகுதியான மாட்யூலின் தொடக்கக் குறியீடு ஒருமுறை ஓடி முடிந்ததும் அதன் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். 32 பிட் எக்ஸ்86-இல் மாட்யூல்கள் ஏறும் முகவரி வெளியும், வன்பொருள் ரெஜிஸ்டர்களை ஐஓரீமேப் மூலம் இணைக்கும் முகவரி வெளியும் ஒன்றே. ஆகவே ஒரு மாட்யூலின் தொடக்கக் குறியீடு இருந்த அதே முகவரியில், அடுத்த கணம் இ1000இ தன் ஃபிளாஷ் ரெஜிஸ்டர்களை இணைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பழைய குடித்தனக்காரர் காலிசெய்து, புதியவர் குடிவந்துவிட்ட வீட்டுக்குள், பழைய முகவரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நுழைவதைப் போன்றது இது.

எஃப்டிரேஸிலும் பிழை கையாளுதல் இருந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் மிகச் செறிவான பகுதி. மாற்றும்போது அது கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. ஒப்பிட்டு மாற்றும் கட்டளையான கம்பேர்-எக்ஸ்சேஞ்சைப் பயன்படுத்தியது: அந்த முகவரியில், தான் எதிர்பார்த்த பழைய கட்டளை இருந்தால் மட்டுமே புதியது எழுதப்படும், இல்லையென்றால் பொருந்தவில்லை என்று தெரியவரும். முகவரியே இணைக்கப்படாமல் இருந்தால் எழும் பேஜ் ஃபால்ட்டையும் பிடித்துச் சமாளிக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நினைவகம் காணாமல் போயிருக்கலாம், உள்ளடக்கம் மாறியிருக்கலாம் என்ற இரண்டு நிலைகளையும் எதிர்பார்த்தே எழுதப்பட்ட குறியீடு அது.

ஆனால் எக்ஸ்86-இல் அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு, இன்டெல்லின் கையேட்டிலேயே சொல்லப்பட்டிருப்பது. ஒப்பீடு பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் செயலி அந்த முகவரிக்கு ஓர் எழுதும் சுழற்சியை அனுப்பும். பொருந்தாதபோது, வாசித்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் இதனால் எதுவும் ஆகாது. வன்பொருள் ரெஜிஸ்டரில் கதை வேறு: அங்கே சில பிட்டுகள் ஒன்று என எழுதினால் அழியக்கூடியவை, சில பிட்டுகள் எழுதியதும் ஒரு வேலையைத் தொடங்கிவைப்பவை. வாசித்ததையே திரும்ப எழுதுவதும் அங்கே ஒரு கட்டளைதான். பிழையைப் பாதுகாப்பாகக் கண்டறிவதற்காகத் தேர்ந்தெடுத்த கருவியே, பிழை நேர்ந்த நிலையில் அழிவைச் செய்யும் கருவியாக மாறியது. குறியீட்டின் பார்வையில் அது எதையும் மாற்றவில்லை, பொருந்தவில்லை என்று திரும்பியது, அவ்வளவே.

2.6.28-இல் எஃப்டிரேஸ் இதை வேறு விதமாகச் செய்தது. மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியல் கம்பைல் செய்யும்போதே தயாராகி, மாட்யூலோடு சேர்ந்தே வந்தது; பின்னணி இழை நீக்கப்பட்டது. மாற்றும் வேலையும் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டது: முதலில் பாதுகாப்பாக வாசித்தல், பிறகு ஒப்பிடுதல், பொருந்தினால் மட்டுமே எழுதுதல். வாசிக்க முடியாதது, பொருந்தாதது, எழுத முடியாதது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பிழைக் குறியீடுகள் வந்தன. எதிர்பாராத எதைக் கண்டாலும், எந்த முகவரியில் எதைக் கண்டது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு எஃப்டிரேஸ் தன்னையே நிரந்தரமாக நிறுத்திக்கொள்ளும். பொருந்தாமை என்பது இனி புறக்கணித்துக் கடக்கும் ஒன்றாக இல்லாமல், அடிப்படையே தவறியிருக்கிறது என்பதற்கான சான்றாக நடத்தப்படுகிறது.

டிரைவரில் எஞ்சியது

காரணம் வேறிடத்தில் கிடைத்துவிட்டதால் டிரைவரின் எழுதவிடாத பூட்டை நீக்கிவிடவில்லை. அது இயல்பாகவே இயங்கும் தேர்வாக நிலைத்தது. மாட்யூலை ஏற்றும்போது கொடுக்கும் அமைப்பு மதிப்பான அளபுரு ஒன்றின் மூலம் அணைக்கலாம், ஆனால் அணைத்தால் என்விஎம் கெடக்கூடும் என்ற எச்சரிக்கை அந்த அளபுருவின் விளக்கத்திலேயே இருக்கிறது.

பூட்டோடு ஒரு புதிய சங்கடமும் வந்தது. என்விஎம்மில் எழுதும்போது டிரைவர் முதலில் நினைவகத்தில் உள்ள நிழல் நகலில் எழுதி, பிறகே ஃபிளாஷுக்கு மாற்றும். பூட்டிய நிலையில் நிழல் நகல் மாறும், ஃபிளாஷ் மாறாது. டிரைவரை மறுபடி ஏற்றினால் மாற்றம் காணாமல் போகும். கேட்டவருக்கு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு உண்மையில் செய்யாமல் விடுவது, பிழை கையாளுதலில் மன்னிக்கக் கடினமான வகை. அதனால், பூட்டு இருக்கும்போது ஈத்டூல் வழியாக எழுத வரும் கோரிக்கையைத் தவறான கோரிக்கை என்ற பிழையோடு திருப்பியனுப்பும் சோதனை டிரைவரின் எழுதும் சார்பில் இருக்கிறது. அதற்கு முன்பே, கட்டளையில் தரப்படும் மந்திர எண், இன்டெல்லின் 8086 என்ற தயாரிப்பாளர் எண்ணோடும் அந்தக் கார்டின் சாதன எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கப்படுகிறது. வேறு கார்டுக்கான நகலைக் கவனக்குறைவாக எழுதிவிடுவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது.

இதன் விளைவாக, பூட்டை அணைத்துவிட்டு உண்மையாகவே என்விஎம்மைத் திருத்த விரும்புபவர், அளபுருவை மாற்றி டிரைவரை மறுபடி ஏற்றினால் மட்டும் போதாது. முன்பு ஏறிய டிரைவர் வன்பொருளில் ஏற்றிவைத்த பூட்டுப் பிட் இன்னும் அங்கேயே இருக்கும். கணினியை மறுதொடக்கம் செய்து, முதல் முறை ஏறும்போதே அளபுரு அணைந்திருக்கும்படி கெர்னலின் தொடக்கக் கட்டளை வரியிலோ மாட்யூல் அமைப்புக் கோப்பிலோ எழுதிவைக்க வேண்டும். செக்சம் ஏற்கெனவே கெட்டுவிட்ட கார்டாக இருந்தால், பூட்டை அணைத்த பிறகும் மூன்று முயற்சிகளின் முடிவில் டிரைவர் வெளியேறிவிடும் என்பதால், அங்கே ஈத்டூலுக்கு வழியில்லை.